முதல் ஏ.ஏ. மீட்டிங்குக்குப் போவது எப்படி: குடியை நிறுத்த நினைப்பவருக்கு ஒரு முழு வழிகாட்டி

குடியை விடணும் என்று மனசுக்குள் எத்தனையோ முறை முடிவெடுத்தவர்கள்கூட ஏ.ஏ. மீட்டிங் வாசலில் வந்து தயங்கி நிற்கிறார்கள். "ஒரு தடவை போய்த்தான் பாரேன்" என்று டாக்டர் சொல்லியிருப்பார், மச்சான் சொல்லியிருப்பார், மனைவி அழுதுகொண்டே சொல்லியிருப்பார். ஆனால் அங்கே யார் இருப்பார்கள், உள்ளே போனதும் எழுந்து நின்று பேசச் சொல்வார்களா, தெரிந்த முகம் எதிரே வந்தால் என்ன செய்வது, பணம் கேட்பார்களா, மதம் மாற்றுவார்களா என்று எதுவுமே தெரியாத நிலையில் கால் நகராது. நான் பல வருஷமாக இந்த மீட்டிங்குகளில் உட்காருகிறவன். புதிதாக வருகிறவர் எதற்கெல்லாம் பயப்படுகிறார் என்பது நன்றாகத் தெரியும் என்பதால், வீட்டை விட்டுக் கிளம்பும் முன் செய்ய வேண்டியதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். பேச்சு முழுக்க தமிழ்நாட்டை வைத்துத்தான்.

ஏ.ஏ. என்றால் என்ன

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் அக்ரன் என்ற ஊரில் தொடங்கியது. நியூயார்க் பங்குச் சந்தையில் வேலை பார்த்து, குடியால் எல்லாவற்றையும் இழந்த பில் வில்சன் தொழில் விஷயமாக அந்த ஊருக்குப் போகிறார். போன காரியம் தோல்வி. ஹோட்டல் வரவேற்பறையில் தனியாக நிற்கிறார், பக்கத்திலேயே பார். குடிக்காமல் சில மாதங்களைக் கடந்திருந்த அவருக்கு ஒன்று மட்டும் புரிந்தது: இப்போது இன்னொரு குடிநோயாளியிடம் பேசாவிட்டால் நான் குடித்துவிடுவேன். ஊரில் உள்ள தேவாலயங்களின் தொலைபேசி எண்களைப் பார்த்து ஒவ்வொன்றாக அழைத்து, கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரைப் போய்ச் சேர்ந்தார். அவரும் குடியில் மூழ்கியிருந்தவர். அந்த இருவரும் பேசிய பேச்சிலிருந்து கிளம்பியதுதான் எல்லாம். இந்தியாவுக்கு 1957-இல் வந்தது.

இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்களை வரவேற்கிறவர் உங்களுக்கு இரக்கம் காட்டுவதற்காக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. நீங்கள் வருவது அவருக்கும் தேவை. புதியவர் ஒருவரிடம் பேசும்போதுதான் பழையவருக்குத் தன் முதல் நாள் ஞாபகம் வருகிறது, அன்றைக்கு அவர் குடிக்காமல் இருக்க அது உதவுகிறது. "அவர்களுக்கு எதற்குத் தொந்தரவு" என்ற நினைப்பை இங்கேயே விட்டுவிடலாம்.

சேர ஒரே ஒரு தகுதிதான்: குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. கட்டணம் கிடையாது, விண்ணப்பம் கிடையாது, ஆதார் கேட்க மாட்டார்கள், வருகைப் பதிவேடு கிடையாது. இது மருத்துவமனையும் இல்லை, ஆளைப் பிடித்து அடைத்து வைக்கும் மறுவாழ்வு மையமும் இல்லை. நம் ஊரில் இதை நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ உட்கார்ந்து பேசுவதைக் கேட்டுவிட்டு எழுந்து வீட்டுக்குப் போகிற கூட்டம், அவ்வளவுதான். நடுவில் எழுந்து போனாலும் யாரும் தடுக்க மாட்டார்கள்.

எனக்கு அந்த அளவுக்குப் பிரச்சினை இருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால், மருத்துவர்கள் வெகுகாலமாகக் கேட்டுவரும் 4 கேள்விகள் உண்டு. குடியைக் குறைக்கணும் என்று எப்போதாவது நினைத்தீர்களா? உங்கள் குடியைப் பற்றி மற்றவர் பேசினால் எரிச்சல் வருகிறதா? குடித்ததை நினைத்துக் குற்ற உணர்ச்சி வந்ததுண்டா? காலையில் எழுந்ததும் நடுக்கம் நிற்க, தலை நிமிர, ஒரு வாய் ஊற்றியிருக்கிறீர்களா? இரண்டுக்கு ஆமாம் என்றாலே ஒரு மருத்துவரிடம் பேச வேண்டும். மீட்டிங்குக்கு வர இந்த மதிப்பெண்கூடத் தேவையில்லை.

முதலில் உடம்பைப் பாருங்கள்

அவசரப்பட்டு அடுத்த பகுதிக்குத் தாவிவிடாதீர்கள், உயிர் சம்பந்தப்பட்டது இது.

தினமும் குடிக்கிறவர், அதிலும் காலையிலேயே ஆரம்பிக்கிறவர், வீட்டில் உட்கார்ந்துகொண்டு திடீரென்று ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. ஒரு குவார்ட்டர் பிராந்தியிலோ ரம்மிலோ சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. இதை வருஷக்கணக்கில் தினம் வாங்கிப் பழகிய மூளை, அது வராமல் போனதும் கட்டுப்பாடு இழக்கிறது. கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 12 மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் பிதற்றல் வந்துவிடும்: எங்கே இருக்கிறோம் என்று தெரியாது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், இல்லாத ஆளிடம் பேசுவார்கள், காய்ச்சல் அடிக்கும். பேய் பிடித்துவிட்டது, மந்திரிக்கணும் என்று தூக்கிக்கொண்டு அலைந்து நேரத்தை வீணாக்கிய குடும்பங்கள் உண்டு. அந்த நிலையில் 108-ஐ அழைப்பது தவிர வேறு எதுவும் செய்ய வேண்டாம், சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம்.

ஆகவே தினமும் குடிப்பவராக இருந்தால், ஏற்கெனவே வலிப்பு வந்திருந்தால், சர்க்கரையோ இதயக் கோளாறோ கல்லீரல் பிரச்சினையோ இருந்தால், நிறுத்துவதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, சிகிச்சைக்குப் பணம் இல்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பிறகு 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையும் சென்னையில்தான் இருக்கிறது. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கான டெலிமானஸ் 14416. இரண்டும் இலவசம். தனியார் மையத்தில் சேர்ப்பது என்று வீட்டில் முடிவெடுத்தால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு செய்த இடமா என்று கேட்டு, சான்றிதழைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

டாக்டரிடம் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள். குவார்ட்டரை "எப்போதாவது ஒரு கட்டிங்" என்று சொன்னால் மருந்தின் அளவு தப்பாகும். இன்னொன்று, "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா தெளிஞ்சிடும்" என்று தெருமுனை கிளினிக்கில் போய்ப் படுப்பது நம் ஊர்ப் பழக்கம். நீண்டகாலம் குடித்தவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும், அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளை பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. குடிப்பழக்கம் இருக்கிறது என்று ஊசி போடுகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் போதும், அவர் பார்த்துக்கொள்வார்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்ற விளம்பரத்தை நம்பி எதையும் வாங்கிக் கலக்காதீர்கள். குடியை நிறுத்துவதற்கென்று கொடுக்கப்படும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அது டாக்டர் பரிசோதித்து, நோயாளி சம்மதித்து எடுக்க வேண்டிய மருந்து.

இவ்வளவும் சொன்னதால், குடியை முழுசாக நிறுத்திய பிறகுதான் மீட்டிங்குக்குப் போகணும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிகிச்சையும் மீட்டிங்கும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கலாம். குடித்திருக்கிற நிலையில் வந்தாலும் துரத்த மாட்டார்கள், இன்றைக்குப் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள் என்பார்கள். ரகளை செய்யாமல் இருந்தால் சரி.

மீட்டிங்கைக் கண்டுபிடிப்பது

இணையத்தில் ஏ.ஏ. இந்தியா என்று தேடினால் அவர்களுடைய சொந்தத் தளம் வரும், அதில் ஊர் வாரியாகக் குழுக்களும் உதவி எண்களும் இருக்கும். மற்ற தளங்களில் வரும் பட்டியல்களை அப்படியே நம்பிக் கிளம்பாதீர்கள். குழு இடம் மாறியிருக்கும், நேரம் மாறியிருக்கும், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் நேராகக் கடைக்குத்தான் போவார். எண்ணை எடுத்து முதலில் போன் செய்வதே நல்லது. தேடும்போது தனியார் மையங்களின் விளம்பரங்கள் மேலே வந்து நிற்கும், "உடனே வண்டி அனுப்புகிறோம்" என்பார்கள். ஏ.ஏ. யாரையும் ஏற்றிவர வண்டி அனுப்பிப் பணம் வாங்காது.

இணையம் பழக்கமில்லை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இருக்கும் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள், பக்கத்தில் எந்தக் குழு எந்தக் கிழமை கூடுகிறது என்று பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பல குழுக்கள் தேவாலய வளாகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ கூடும். முகவரியில் சர்ச் பெயரைப் பார்த்ததும், "நான் அந்த மதம் இல்லையே" என்று பின்வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இடம் குறைந்த வாடகைக்கு அங்கே கிடைக்கிறது, அதற்குமேல் எந்தச் சம்பந்தமும் இல்லை. நெற்றியில் விபூதியோடும் வருகிறார்கள், தொப்பி போட்டும் வருகிறார்கள், கறுப்புச் சட்டை போட்டும் வருகிறார்கள்.

மீட்டிங்கில் இரண்டு வகை. திறந்த மீட்டிங்குக்கு மனைவி, அண்ணன், நண்பர் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். மூடிய மீட்டிங் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். தனியாகப் போகப் பயமாக இருந்தால் முதல் தடவை திறந்த மீட்டிங்காகப் பார்த்துத் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். ஆனால் என் அபிப்பிராயம், முடிந்தால் தனியாகவே போவது நல்லது. மனைவி பக்கத்தில் இருந்தால் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே நேரம் போய்விடும், காதில் எதுவும் விழாது.

சொந்தத் தெருவிலேயே மீட்டிங் நடந்து அங்கே போகக் கூச்சமாக இருந்தால், இரண்டு மூன்று ஸ்டாப் தள்ளி இருக்கும் குழுவுக்குப் போங்கள். தெரிந்தவர் வந்துவிட்டால்? அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார். உள்ளே பார்த்தது, கேட்டது எதையும் வெளியே சொல்வதில்லை என்பது அங்கே எல்லோரும் மதிக்கிற ஏற்பாடு. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எதுவும் இல்லை, உண்மைதான். ஆனால் ஒவ்வொருவருக்கும் தன் ரகசியமும் அந்த அறையிலேயே இருக்கிறது என்பதால் காப்பாற்றுகிறார்கள்.

கிராமத்தில் இருப்பவருக்கு டவுனுக்கு வந்து போவதுதான் பெரிய பாடு. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து, ஞாயிற்றுக்கிழமை பகலில் ஏதாவது மீட்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள். கொரோனா காலத்தில் 2020-க்குப் பிறகு ஜூம் வழியாக நடக்கும் மீட்டிங்குகளும் பெருகிவிட்டன. கேமராவை அணைத்துவிட்டு, பெயரை மாற்றி வைத்துக்கொண்டு, காதில் ஹெட்செட் மாட்டிக் கேட்கலாம். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கும் இது வசதி. இருந்தாலும் நேரில் போக வழி இருக்கும்போது போனிலேயே நின்றுவிடாதீர்கள். மீட்டிங் முடிந்த பிறகு வாசலில் நடக்கும் பேச்சு ஜூமில் கிடைக்காது.

பெண்களுக்குத் தயக்கம் இன்னும் பல மடங்கு, அது நியாயம்தான். குடிக்கிற ஆணைப் பார்த்துப் பரிதாபப்படுகிற ஊர், குடிக்கிற பெண்ணை வேறு மாதிரிப் பேசுகிறது. போன் செய்யும்போதே "பெண் உறுப்பினர் யாரிடமாவது பேச முடியுமா" என்று கேளுங்கள். பெண்களுக்கான தனி மீட்டிங்குகள் இணையவழியிலும் உண்டு. பக்கத்தில் பெண்கள் வருகிற குழு இல்லை என்றால் அதிலிருந்து ஆரம்பிப்பது நல்ல வழி.

போனில் என்ன பேசுவது

இந்த ஒரு போனைத்தான் நிறையப் பேர் வாரக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். எதிர்முனையில் எடுப்பவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் இல்லை, அவரும் குடியிலிருந்து மீண்டவர். நீங்கள் தயங்கினாலும் திக்கினாலும் அவருக்குப் புரியும். இவ்வளவு சொன்னால் போதும்:

"வணக்கம் சார், எனக்குக் குடிப் பிரச்சினை இருக்கு. மீட்டிங் வரலாம்னு நினைக்கிறேன். நான் இருக்கிற ஏரியா இது. பக்கத்தில் எப்போ, எங்கே நடக்குது?"

பெயர் கேட்டால் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். அப்புறம் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது: மீட்டிங் தமிழில் நடக்கிறதா ஆங்கிலத்திலா, திறந்ததா மூடியதா, எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடியும், வளாகத்துக்குள் எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்தக் கதவு. கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பெரிய பள்ளி வளாகத்தில் எந்த அறை என்று தெரியாமல் வாட்ச்மேனிடம் "குடிகாரங்க மீட்டிங் எங்கண்ணே" என்று கேட்க நேர்ந்தால் பாதிப் பேர் அப்படியே திரும்பிவிடுவார்கள். அதனால் "வாசலில் யாராவது என்னைப் பார்த்து அழைச்சிட்டுப் போவாங்களா" என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், என்ன நிறச் சட்டை என்று அடையாளமும் சொல்லிக்கொள்ளலாம். மணி அடித்தும் எடுக்கவில்லை என்றால் ஒரு மெசேஜ் போட்டுவிட்டு வேறு எண்ணை முயற்சி செய்யுங்கள். எடுப்பவரும் வேலைக்குப் போகிறவர்தான்.

கிளம்பும் நாள்

பெரும்பாலான மீட்டிங்குகள் மாலையில் நடக்கின்றன, அதாவது வழக்கமாகக் கை அரிக்கிற அதே நேரத்தில். டாஸ்மாக் கடை பகல் 12 மணியிலிருந்து இரவு 10 மணி வரை திறந்திருக்கிறது, கூட்டாளிகள் போன் செய்வதும் அந்த நேரத்தில்தான். ஆகவே வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுக் கிளம்பலாம் என்று திட்டமிடுவதைவிட, வேலை இடத்திலிருந்து நேராகப் போய்விடுவது பாதுகாப்பு. கடை இல்லாத தெரு வழியாகப் போங்கள், சுற்றாக இருந்தாலும் பரவாயில்லை. பையில் நிறையப் பணம் வேண்டாம், பஸ்ஸுக்கும் டீக்கும் இருந்தால் போதும். சம்பள நாளாக இருந்தால் பணத்தை முதலில் வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

வயிற்றை நிரப்பிக்கொண்டு போங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கும் குடிக்க இழுக்கும் என்று மீட்டிங்கில் அடிக்கடி சொல்வார்கள், அதில் பசியைத் தீர்ப்பதுதான் சுலபம். இரண்டு இட்லி சாப்பிட்டவருக்கு மாலை ஏழு மணி வேறு மாதிரி இருக்கும். உடை எதுவானாலும் சரி, லுங்கியோடு வந்தவர் பக்கத்தில் டை கட்டியவர் உட்கார்ந்திருப்பார். பத்து நிமிஷம் முன்னாடி போய்ச் சேருங்கள். தாமதமாகப் போனால் எல்லோரும் உட்கார்ந்திருக்க நீங்கள் மட்டும் கதவைத் திறந்து நுழைய வேண்டும். முன்னாடி போனால் நாற்காலி எடுத்துப் போட உதவலாம், கைக்கு வேலை கிடைத்தால் பதற்றம் பாதி குறையும்.

வாசலில் நின்று திரும்பிப் போகலாமா என்று தோன்றும். அப்போது ஏற்கெனவே பேசிய அந்த எண்ணுக்கு ஒரு கால் போட்டு "வாசல்ல நிக்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். உள்ளே இருந்து யாராவது வருவார்கள்.

உள்ளே என்ன நடக்கும்

பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேஜை, சுவரில் 12 படிகளும் (குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் வழிமுறை) 12 மரபுகளும் (குழுக்கள் நடக்கும் விதம் பற்றியவை) எழுதிய பதாகைகள், ஒரு ஓரத்தில் டீ. சில குழுக்களில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள், சில இடங்களில் அறை நிரம்பியிருக்கும். நடத்துகிறவர் நிரந்தரத் தலைவர் இல்லை, உறுப்பினர்கள் மாறி மாறி அந்த இடத்தில் உட்காருகிறார்கள். முதலில் ஒரு சிறு மௌனம் அல்லது பிரார்த்தனை, பிறகு ஏ.ஏ. என்ன என்பதைப் பற்றிய அறிமுகம் வாசிக்கப்படும், அப்புறம் படிகள். இந்த வாசிப்புப் பகுதி புதியவருக்குச் சற்று அலுப்பாக இருக்கலாம், பள்ளி உறுதிமொழி மாதிரி தோன்றலாம். பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்து வருவதுதான் விஷயம்.

ஒவ்வொருவராகத் தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லிவிட்டுத் தன் கதையைப் பேசுவார். மற்றவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் வைப்பார்கள். பேசுகிறவர் பேசி முடிக்கும் வரை யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள், "நீ இப்படிச் செய்திருக்கணும்" என்று புத்தி சொல்ல மாட்டார்கள். வீட்டிலும் ஆபீசிலும் உறவுக்காரர் முன்னாலும் அறிவுரையை மட்டுமே கேட்டுப் புண்பட்ட ஒருவருக்கு இது எவ்வளவு ஆறுதல் என்பதை உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் முறை வந்தால், "இன்னைக்கு முதல் தடவை வந்திருக்கேன், கேட்கத்தான் வந்தேன்" என்று சொன்னால் போதும். குடிநோயாளி என்று உங்களைச் சொல்லிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. பேசத் தோன்றினால் பேசுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். அந்த அறையில் அதற்கு யாரும் அதிர்ச்சி அடைய மாட்டார்கள்.

கேட்கும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். மனசு உடனே கணக்குப் போட ஆரம்பிக்கும்: அவர் வேலையை இழந்தார், நான் இழக்கவில்லை. அவர் மனைவியின் தாலியை அடகு வைத்தார், நான் வைக்கவில்லை. அவர் காலையிலேயே குடித்தார், நான் ராத்திரி மட்டும்தான். அப்படியானால் எனக்கு இது தேவையில்லை என்று கணக்கு முடிந்துவிடும். அளவை விட்டுவிட்டு, உள்ளுக்குள் நடந்ததைக் கவனியுங்கள். பாட்டிலை ஒளித்து வைத்தது, ஒன்றோடு நிறுத்துவேன் என்று போய் நிறுத்த முடியாமல் போனது, காலையில் நேற்று என்ன பேசினோம் என்று ஞாபகம் இல்லாமல் மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்தது. இதில் ஒன்றாவது உங்களுடையதாக இருக்கும்.

கடவுள் பேச்சு வரும். படிகளில் "நம்மைவிட மேலான சக்தி" என்று இருக்கிறது, "நாம் உணர்ந்த விதத்தில் கடவுள்" என்றும் இருக்கிறது. நம்பிக்கை இல்லாதவர்களும் வருகிறார்கள், குழுவையே அந்தச் சக்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். பகுத்தறிவுப் பழக்கத்தில் வளர்ந்தவர் இந்த இடத்தில் எரிச்சலாகி எழுந்துவிடுவது நடக்கிறது, அந்த எரிச்சலைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். அதற்காக மட்டும் முதல் நாளிலேயே எழுந்து போய்விட வேண்டாம். உங்களுக்கு ஒத்துவரவே இல்லை என்றால் ஸ்மார்ட் ரெக்கவரி என்று 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய, கடவுளும் படிகளும் இல்லாத வேறொரு குழு முறை இருக்கிறது. அதற்கும் இணையவழிக் கூட்டங்கள் உண்டு.

முடியும் தறுவாயில் ஒரு பை அல்லது பெட்டி சுற்றி வரும். வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் போடும் காசு அது. வெளியாட்களிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏ.ஏ.யின் மரபு. புதியவர் போட வேண்டாம் என்றே சொல்வார்கள், அப்படியே பக்கத்தில் நகர்த்திவிடுங்கள். சில நாள்களில் யாராவது ஒருவர் குடிக்காமல் ஒரு வருஷம், ஐந்து வருஷம் முடித்ததைப் பிறந்தநாள் என்று கொண்டாடுவார்கள், கேக் வெட்டுவார்கள், மனைவி பிள்ளைகள் வந்து பேசுவார்கள். முதல் மீட்டிங்கே அப்படி ஒன்றாக அமைந்தால் கொடுத்து வைத்தவர் நீங்கள்.

முடிந்ததும் ஓடிவிடாதீர்கள்

கடைசிப் பிரார்த்தனை முடிந்த நிமிஷமே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பத் தோன்றும். கிளம்பாதீர்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: டீயைக் கையில் வாங்கிக்கொண்டு பதினைந்து நிமிஷம் நின்று, குறைந்தது இரண்டு பேரின் போன் எண்ணை வாங்கிக்கொண்டு போங்கள். ஆணுக்கு ஆண் எண், பெண்ணுக்குப் பெண் எண் என்பது வழக்கம், நல்ல வழக்கமும்கூட. அன்றைக்கு ராத்திரியே "வீட்டுக்கு வந்துட்டேன் அண்ணே" என்று ஒரு போன் போட்டுப் பழகுங்கள். சும்மா இருக்கும்போது பேசிப் பழகாத எண்ணை, குடிக்கத் துடிக்கும் நேரத்தில் அழைக்க வராது. கால் எப்போது வந்தாலும் எடுக்கிறவர் எரிச்சல்படுவதில்லை, காரணம் அக்ரன் கதையிலேயே இருக்கிறது.

எச்சரிக்கையும் வேண்டும். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் மனிதர்கள், சிலர் இன்னும் தடுமாற்றத்தில் இருப்பவர்கள். கடன் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். சீட்டுப் பிடிக்கிறேன், இன்ஷூரன்ஸ் போடு என்று யாராவது வந்தால் விலகுங்கள். "டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்து, மீட்டிங் போதும்" என்று ஒருவர் சொன்னால் அது அவருடைய சொந்தக் கருத்து, ஏ.ஏ.யின் நிலைப்பாடு அப்படி இல்லை. மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் மட்டும் பேசுங்கள். தொந்தரவாக யாராவது நடந்துகொண்டால் குழுவில் பழையவரிடம் சொல்லுங்கள், வேறு குழுவுக்கும் மாறலாம்.

வீட்டில்

"இனிமே வாழ்நாள் முழுக்க தொட மாட்டேன்" என்று வீட்டில் போய்ச் சத்தியம் செய்யாதீர்கள். அந்தச் சத்தியத்தை அவர்கள் கோயிலிலும் பிள்ளைகளின் தலையிலும் பலமுறை பார்த்துவிட்டார்கள். "மீட்டிங் போனேன், இன்னைக்குக் குடிக்கலை, வியாழக்கிழமை மறுபடி போறேன்" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். மனைவி வாயை மோந்து பார்ப்பார், சட்டைப் பையைத் துழாவுவார். கோபம் வரும், ஆனாலும் அது அவருடைய உரிமை என்று விட்டுவிடுங்கள். நம்பிக்கை திரும்ப மாதக்கணக்கில் ஆகும்.

குடும்பத்துக்கென்றே தனிக் குழுக்கள் இருக்கின்றன. பில் வில்சனின் மனைவி லோயிஸ் உள்ளிட்டோர் 1951-இல் தொடங்கிய அல்-அனான் அது. குடிக்கிறவர் ஏ.ஏ.க்கு வந்தாலும் வராவிட்டாலும் அம்மா, மனைவி, கணவன், பெரிய பிள்ளைகள் அங்கே போகலாம். அவர் திருந்தினால்தான் எனக்கு நிம்மதி என்று வருஷக்கணக்கில் காத்திருக்கும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: அவருக்காகக் காத்திருக்காமல் நீங்கள் போங்கள். வீட்டில் அடி உதை நடக்கிறது என்றால் மட்டும் எந்தக் குழுவுக்கும் முன்னால் பாதுகாப்புதான் முக்கியம், பெண்களுக்கான உதவி எண் 181.

இரண்டாவது மீட்டிங்கும் அதற்கப்புறமும்

முதல் மீட்டிங் பிடிக்காமல் போவது சகஜம். ஒருவர் அரைமணி நேரம் பேசியிருப்பார், மின்விசிறி ஓடியிருக்காது, உங்கள் வயசில் யாருமே இருந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம். ஒரே வாரத்தில் வேறு வேறு குழுக்களுக்குப் போய்ப் பாருங்கள், குறைந்தது ஆறு மீட்டிங்காவது உட்கார்ந்த பிறகு முடிவெடுங்கள். 90 நாளில் 90 மீட்டிங் என்று பழையவர்கள் சொல்வார்கள். பெரிய நகரத்தில் அது முடியும், சின்ன ஊரில் இணையவழியையும் சேர்த்தால்தான் முடியும். முடிந்த அளவு போங்கள், ஆரம்பத்தில் அடிக்கடி போவதுதான் பிடிமானம்.

இது வெறும் நம்பிக்கையில் ஓடுவதா என்று கேட்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் 27 ஆய்வுகளை, 10,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து அலசியது. ஏ.ஏ.யையும் அதற்கு ஆளை முறையாக அனுப்பி வைக்கும் சிகிச்சைகளையும் மற்ற உளவியல் சிகிச்சைகளோடு ஒப்பிட்டபோது, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் இது முன்னால் நின்றது. எல்லோருக்கும் வேலை செய்யும் என்று அதற்கு அர்த்தம் இல்லை, ஆனால் முயற்சி செய்து பார்க்கப் போதுமான காரணம் அது.

சில வாரங்கள் போனதும், யாருடைய பேச்சு உங்களுக்குள் இறங்குகிறது என்று தெரியும். அவரிடம் போய் ஸ்பான்சராக இருக்க முடியுமா என்று கேளுங்கள். படிகளை ஒவ்வொன்றாகக் கூட இருந்து நடத்திச் செல்பவர் அவர். கல்யாண வீடு, காதுகுத்து, கருமாதி, ஊர்த் திருவிழா என்று எங்கேயாவது போக நேர்ந்தால் போகும் முன்னும் வந்த பின்னும் அவருக்கு ஒரு போன். "ஒரு கட்டிங்தானேடா" என்று வற்புறுத்துகிறவரிடம் நீண்ட விளக்கம் தேவையில்லை, "டாக்டர் கூடாதுன்னுட்டார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். முதல் சில மாதம் அந்த இடங்களுக்குப் போகாமலே இருந்தாலும் ஊர் ஒன்றும் அழிந்துவிடாது.

மறுபடி குடித்துவிட்டால்

நடக்கிறது, நிறையப் பேருக்கு நடக்கிறது. அவமானத்தில் மீட்டிங்குக்குப் போகாமல் இருந்துவிடுவதுதான் குடித்ததைவிடப் பெரிய ஆபத்து. அடுத்த மீட்டிங்குக்குப் போய் "குடிச்சிட்டேன், திரும்ப வந்திருக்கேன்" என்று சொல்லுங்கள். திட்டு விழாது, அந்த அறையில் பாதிப் பேர் அதே வார்த்தையை எப்போதாவது சொன்னவர்கள். பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் அப்படியே நிறுத்தாமல் மறுபடி டாக்டரைப் பாருங்கள், ஒவ்வொரு முறை விட்டு விட்டுத் தொடங்கும்போதும் நிறுத்துகிற நேரத்து நடுக்கமும் வலிப்பும் முன்பைவிடக் கடுமையாக வரக்கூடும். வாங்கி வைத்த அந்த இரண்டு எண்களில் ஒன்றை இப்போது அழையுங்கள். முதலாமவர் எடுக்காவிட்டால் இரண்டாமவரை.